கற்கள் இடம்பெயர்ந்த வரலாறு

"பசுமைக் கட்டிடம்" என்னும் சொற்றொடர் நமது நாட்டில் இப்போது பெரிதும் அடிபடுகின்றது. கொழும்பில் எழும் அடுக்குமாடிகளின் விளம்பரங்களிலும், பல்கலைக்கழகக் கருத்தரங்குகளின் அழைப்பிதழ்களிலும் அதனைக் காண்கிறோம். 2009ஆம் ஆண்டில் இலங்கைப் பசுமைக் கட்டிட சபை தோற்றுவிக்கப்பட்ட பின்னர், கட்டிடங்களைத் தரம்பிரித்துச் சான்றிதழ் வழங்கும் முறையும் இங்கே வேரூன்றிவிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் பழைய பொருள்களை மீளப் பயன்படுத்துவதும், சுற்றுச் சூழலுக்கு ஊறு செய்யாமல் கட்டுவதும் மேல்நாட்டாரிடமிருந்து நாம் நேற்றுக் கற்றுக்கொண்ட பாடங்கள் என்றோர் எண்ணம் இதனோடு சேர்ந்து பரவி வருகின்றது. அது வரலாற்றுக்குப் பொருந்தாத எண்ணம்.

இத்தீவிலே கல்லும் மரமும் ஓடும் ஒரு கட்டிடத்திலிருந்து மற்றொரு கட்டிடத்துக்குப் போய்ச் சேர்வது நூற்றாண்டுகளாக நடந்து வருவதாகும். அந்த வரலாற்றில் பெருமைப்படத்தக்க பக்கங்கள் உண்டு. கண்ணீர் வடிக்க வேண்டிய பக்கங்களும் உண்டு. மீள்பயன்பாடு என்பதை எப்போதும் ஓர் அறமாகவே பேசிப் பழகிவிட்ட இக்காலத்தில், இரண்டு வகைப் பக்கங்களையும் சேர்த்துப் புரட்டிப் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறேன்.

கோயிற் கற்கள் கோட்டையான கதை

திருகோணமலையிலிருந்து தொடங்குவோம். சுவாமி மலையில் நின்ற கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் இடித்தனர். கொன்ஸ்டன்டீனோ டி சா அப்போது அவர்களின் தளபதியாக விளங்கினார். இடித்த ஆலயத்தின் கற்களைக் கொண்டே அங்கு கோட்டை கட்டப்பட்டது. 1639இல் அது ஒல்லாந்தர் வசமானது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பின்னர் யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்ரிக் கோட்டை என அதற்குப் பெயர் சூட்டினர். அதன் நுழைவாயிலிலே உள்ள கற்றூணில் இரட்டைக் கயல் உருவமும், தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இருப்பதை அங்கு செல்வோர் இன்றும் காணலாம். குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் பறங்கியர் அதனை அழிப்பதையும் பற்றிப் பேசுவது அக்கல்வெட்டு. ஆலயத்தின் அழிவைச் சொல்லும் கல்லே, ஆலயத்தை அழித்தவர்களின் கோட்டைக்கு வாயிற்காலாகிவிட்டது.

எல்லாக் கற்களும் கோட்டைக்குப் போய்ச் சேரவில்லை. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் மூழ்கி ஆராய்ந்தபோது, செதுக்கு வேலைப்பாடமைந்த தூண்களும் பிற இடிபாடுகளும் கடலடியில் கிடக்கக் கண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1950இல், கிணறு தோண்டிய இடத்தில் வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தார். அதன் கற்கள் கோட்டைக்கும் பிற கட்டிடங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டன என்பது வரலாற்றாசிரியர் பலரும் கூறுவது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயரின் கோட்டையை மாற்றி ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பூமியாகும். கருங்கல் அங்கே இயற்கையில் கிடையாது. எனவே அக்கோட்டைக்குள் கிடைத்த கருங்கற்றூண்கள் ஒவ்வொன்றும் வேறெங்கிருந்தோ பெருஞ்செலவில் கொண்டுவரப்பட்டு, முதலில் வேறொரு கட்டிடத்தில் நின்றவையாகவே இருத்தல் வேண்டும். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த தூண் ஒன்று கோட்டையினுள் கண்டெடுக்கப்பட்டமை இதனை உறுதி செய்கின்றது.

இன்றைய சான்றிதழ் முறையின்படி மதிப்பெண் இட்டால், போர்த்துக்கேயரின் கோட்டை நல்ல புள்ளிகளைப் பெறக்கூடும். புதிய கல் அகழப்படவில்லை. தொலைவிலிருந்து ஏற்றி வரப்படவில்லை. இருந்த பொருளே பயன்பட்டது. ஆனால் அந்தக் கற்கள் யாருடையவை, அவற்றை எடுக்க யார் அனுமதித்தார்கள் என்ற வினாவுக்கு மதிப்பெண் அட்டவணையில் இடமில்லை.

ஓலையும் பனையும் முருகைக்கல்லும்

ஆட்சியாளர்கள் இவ்வாறு கட்டிக்கொண்டிருக்கையில், குடிமக்கள் எவ்வாறு கட்டினர்? யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளை எடுத்துக்கொள்வோம். மண் சுவர், பனைமரத்து வளையும் சிலாகையும், மேலே கிடுகு அல்லது பனையோலை. முற்றிய பனையின் வைரம் பாய்ந்த மரம் கறையானுக்கு எளிதில் இடங்கொடாது. யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஒல்லாந்தர் காலத்திலேயே கடல்கடந்து விற்பனையான பொருளாகும். ஒரு வீட்டைப் பிரித்தால் அதன் வளையும் சிலாகையும் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கும் உளுத்துப்போனால் வேலிக்கோ அடுப்புக்கோ போகும்.

கூரையிலிருந்து இறக்கிய பழைய ஓலை எங்கே போயிற்று? தோட்டத்துக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் பனையோலையைப் புதைத்துப் பசளையாக்குவது நெடுங்கால வழக்கம். புகையிலைத் தோட்டங்களுக்கு அது சிறந்த உரமெனக் கருதப்பட்டது. வீட்டின் கூரை ஈற்றில் பயிரின் உணவாயிற்று. இதில் வீசியெறிவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. "கழிவு" என்ற சொல்லைக் கட்டிடத்தோடு சேர்த்துப் பேசும் தேவையே அந்நாளைய குடியானவனுக்கு ஏற்படவில்லை.

வசதி படைத்தோர் கல்வீடு கட்டினர். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு தடித்த சுவர் எழுப்பி, நடுவே முற்றம் விட்டு நாற்சார் வீடுகளை அமைத்தனர். மேலே பீலி ஓடு. சுண்ணாம்புச் சாந்தின் சிறப்பொன்றை இங்கு குறிப்பிட வேண்டும். அது கல்லை இறுகப் பற்றினும், கல்லைவிட மென்மையானது. வீட்டைப் பிரிக்கும்போது சாந்து உதிரும். கல் முழுதாக வெளிவரும். சீமெந்துச் சாந்து அவ்வாறன்று. பிரிக்கப் போனால் கல்லும் செங்கல்லும் உடையுமே தவிர, சாந்து விடாது. பழைய வீட்டின் கற்களைக் கொண்டு புதிய வீடு கட்டும் வழக்கம் நம்மிடையே அருகிப்போனதற்கு, 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். அத்தொழிற்சாலை பல்லாயிரம் குடும்பங்களுக்கு உறுதியான வீட்டையும், பலருக்கு வேலையையும் தந்தது என்பதை மறப்பதற்கில்லை. அதே வேளையில், ஒருமுறை கட்டினால் பிரிக்க முடியாத வீட்டையும் அதுவே நமக்குத் தந்தது. உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியால் வருவது என்று இன்று கணக்கிடப்படுகின்றது.

கடலிடம் பட்ட கடன்

சுண்ணாம்பைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தென்மேற்குக் கரையோரத்தில், அம்பலாங்கொடை முதல் ஹிக்கடுவை வரையிலும் அதற்கப்பாலும், சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் பெருமளவில் எடுக்கப்பட்டு வந்தது. கரையோரத்து நிலத்தைத் தோண்டி எடுத்தது போதாதென்று, கடலினுள் உயிரோடிருந்த முருகைப் பாறைகளையும் உடைத்தனர். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தமும் இதனைத் தடைசெய்தன. ஆயினும் வறுமையும் தேவையும் சேர்ந்த இடத்தில் சட்டம் முழுமையாக வெல்லவில்லை. சூளைகள் பல தொடர்ந்து புகைந்தன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. பெரலியவில் புகையிரதம் ஒன்று அலையினால் புரட்டப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்விடத்திலேயே மாண்டதை உலகம் அறியும். அங்கிருந்து தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹிக்கடுவையிலோ அலை பெரிதும் தணிந்திருந்தது. ஹிக்கடுவையின் முருகைப் பாறைகள் கடற் சரணாலயமாகக் காக்கப்பட்டவை. பெரலியவுக்கு எதிரே அவை உடைத்தெடுக்கப்பட்டிருந்தன. இவ்வேறுபாட்டுக்கு முருகைப் பாறைகள் அகற்றப்பட்டமையே முக்கிய காரணம் என்று 2005இல் ஓர் ஆய்வுக்குழு எழுதியது. கடலடியின் அமைப்பு, கரையின் வளைவு முதலிய வேறு காரணிகளும் அலையின் உயரத்தைத் தீர்மானிப்பன என்று வாதிட்டோரும் உளர். எவ்வாறாயினும், சுவருக்கு வெள்ளையடிப்பதற்காக நாம் கடலின் சுவரை உடைத்தோம் என்பதில் ஐயமில்லை.

பேரலை தணிந்த பின்னர் கரையோரமெங்கும் இடிபாடுகள் மலைபோற் குவிந்தன. பெரும்பகுதி சதுப்பு நிலங்களிலும் தெருவோரங்களிலும் கொட்டப்பட்டது. அப்போது காலியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, கட்டிடக் கழிவை உடைத்துச் சலித்து மீளப் பயன்படுத்தும் நிலையமொன்று அமைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. உடைந்த கொங்கிறீற்றும் செங்கல்லும் தெருவுக்கும் அத்திவாரத்துக்கும் மீண்டும் உதவும் என்பதை அது எடுத்துக்காட்டியது.

தட்டுப்பாடு வளர்த்த கலை

மகிழ்ச்சிக்குரிய பக்கமொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. உருக்கு, கண்ணாடி முதலியன அருமையாயின. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003) அக்காலத்தில்தான் தமது பாணியை வகுத்துக்கொண்டார். உள்ளூர் மரம், கருங்கல், செங்கல், பீலி ஓடு, நடுமுற்றம் என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தவற்றையே அவர் புதிய முறையில் கையாண்டார். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவுகளும் தூண்களும் அவரது கட்டிடங்களில் மறுவாழ்வு பெற்றன. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக இணைத்து அவர் அமைத்துக்கொண்ட இல்லத்தில், தமிழகத்தின் செட்டிநாட்டிலிருந்து வந்த மரத்தூண்கள் நிற்கின்றன. பர்மாவிலும் இலங்கையிலும் பொருளீட்டிச் செட்டியார்கள் கட்டிய மாளிகைகள் சிதைந்து, அவற்றின் தூண்கள் மீண்டும் கடல்கடந்து இங்கே வந்து நின்றதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாவா 1960களின் தொடக்கத்தில் ஓவியத்துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீட்டின் கதை மேலும் வியப்பானது. அந்நிலம் பிற்காலத்தில் வேறு தேவைக்கு விற்கப்பட்டபோது, வீட்டை இடிக்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் இலக்கமிட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். கட்டிடமொன்றைப் பிரிப்பதும் கட்டுவதைப் போன்றதொரு கலை என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

1994இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியும் பாவாவின் ஆக்கமே. அதனை அமைக்கத் திட்டமிட்டபோது, கண்டலம குளத்துக்கும் சுற்றியுள்ள காட்டுக்கும் கேடு விளையும் என்று பௌத்த பிக்குகளும் கிராமத்தவரும் சூழலியலாளரும் பெரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மலையோடு ஒட்டி, தூண்களின் மீது உயர்த்தி, மழைநீர் தன்வழியே ஓட விட்டுக் கட்டப்பட்ட அவ்விடுதி, பின்னர் அமெரிக்காவின் லீட் என்னும் பசுமைச் சான்றிதழைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அச்சான்றிதழை முதன்முதலில் பெற்ற கட்டிடங்களுள் அதுவும் ஒன்று. எதிர்த்தவர்களின் குரல் எழுந்திராவிட்டால் இத்துணைக் கவனத்தோடு அது கட்டப்பட்டிருக்குமா என்பதும் சிந்திக்கத்தக்கது. 2008இல் துல்ஹிரியவில் அமைந்த ஆடைத் தொழிற்சாலையொன்று லீட் முறையின் மிக உயர்ந்த தரத்தைப் பெற்றமையும் நம் நாட்டுக்குக் கிடைத்த பெருமையே.

தண்டவாளம் பதுங்குகுழியான காலம்

தெற்கிலே தட்டுப்பாடு கலையை வளர்த்தது. வடக்கிலே அது உயிர்காக்கும் வழியாயிற்று. 1990 ஜூனில் யாழ்தேவி கடைசியாக ஓடியது. அவ்வாண்டிலேயே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. அதன் பின்னர் வவுனியாவுக்கு வடக்கே இரும்புப்பாதை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாயின. போரிட்ட இரு தரப்பினரும் இதனைச் செய்தனர். வீட்டு வளவுகளில் மக்கள் வெட்டிய பதுங்குகுழிகளுக்குப் பனங்குற்றிகள் மூடுபலகையாயின. தலைமுறை தலைமுறையாக நின்ற பனைகள் எண்ணிக்கையின்றி வீழ்ந்தன. 2009இல் முல்லைத்தீவின் கரையில் இறுதிப் போர் நடந்தபோது, மண்மூடைக்குச் சாக்கு இல்லாமல் பெண்கள் தமது சேலைகளைத் தைத்து மண் நிரப்பினர். கூறைச் சேலையும் அதில் அடக்கம். மீள்பயன்பாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்தச் சேலைகளைத் தவிர்த்துவிட்டு எழுதுதல் ஆகாது.

யாழ்ப்பாணக் கோட்டையும் 1990இன் முற்றுகையில் சிதைந்தது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டையைச் சீரமைக்கத் தொடங்கியபோது, புதிதாக முருகைக்கல் வெட்டச் சட்டம் இடந்தராமையால், சிதறிக் கிடந்த கற்களையே பொறுக்கி அடுக்க வேண்டியதாயிற்று. கோயிலிலிருந்து கோட்டைக்கு வந்த கற்களும் அவற்றுள் இருந்திருக்கலாம்.

இதனினும் வேதனையான ஒன்றுண்டு. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்து, இரு தசாப்தங்களுக்கும் மேலாகக் காத்திருந்து, காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்றனர். பலருக்கு வீடு இருக்கவில்லை. கதவு, யன்னல், வளை, ஓடு, இரும்பு யாவும் கழற்றப்பட்டிருந்தன. சிலரது வீட்டின் அத்திவாரக் கல்லும் போயிருந்தது. அப்பொருள்கள் அழியவில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் அவை இன்றும் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கும். கிணற்றுக்கட்டை அடையாளமாக வைத்துத் தம் வளவைக் கண்டுபிடித்த முதியவர்களிடம் சென்று, பொருள் வீணாகவில்லை என்று ஆறுதல் கூற எவருக்கு வாய் வரும்?

உருக்கு வீடும் கல்வீடும்

மீள்குடியேற்றத்தின்போது கட்டிடப் பொருள் பற்றிய விவாதம் அரசியல் விவாதமாகவே மாறியது. 2012 முதல் இந்திய அரசின் உதவியில் வடக்கு, கிழக்கு மக்களுக்காக 46,000 வீடுகள் கொண்ட திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் உரிமையாளரே கட்டும் முறையில், வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. தொகை போதவில்லை என்ற முறைப்பாடு பரவலாக இருந்தது. எனினும் மக்கள் தம் இடிந்த வீட்டின் கல்லையும் உடைந்த ஓட்டையும் தேடியெடுத்து, உறவினர் உழைப்பையும் சேர்த்துக் கட்டினர். உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது.

2015-2016 காலப்பகுதியில் 65,000 உருக்கு வீடுகளைத் தயார்நிலையில் கொணர்ந்து பொருத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வீடொன்றுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவு மதிப்பிடப்பட்டது. வடக்கின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அவ்வீடு தகுமா, அத்திவாரம் போதுமானதா, பழுதுபட்டால் ஊரிலுள்ள எந்த மேசன் திருத்துவான், பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட இயலுமா என்ற வினாக்களைப் பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பினர். எதிர்ப்பு வலுத்தது, முன்வைத்தபடி அத்திட்டம் நிறைவேறவில்லை. உருக்கு உருக்கி மீளப் பயன்படுத்தத்தக்க பொருள் என்பது உண்மையே. ஆனால் அதனைப் பயன்படுத்தும் மக்களால் திருத்தவும் பிரிக்கவும் இயலாத பொருள், அவர்களைப் பொறுத்தவரை மீள்பயன்பாட்டுப் பொருள் ஆகாது.

இனிச் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து சில நடைமுறைப் பாடங்களைப் பெறலாம்.

முதலாவதாக, பழைய வீடுகளை இடிப்பதற்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள், இடிப்பதற்குப் பதிலாகப் பிரிக்குமாறு ஊக்குவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவற்றின் தூணையும் கதவையும் வெளியூர் வியாபாரிகள் வாங்கிச் செல்கின்றனர். அவை எங்கிருந்து வந்தவை என்ற குறிப்பேனும் எழுதி வைக்கப்படுதல் வேண்டும்.

இரண்டாவதாக, பழையது எல்லாம் மீளப் பயன்படுத்தத்தக்கதன்று. நமது வீடுகளிற் பல அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளால் மூடப்பட்டவை. அவற்றை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலைத் தாக்கிப் புற்றுநோயையும் விளைவிக்கக் கூடியவை. போரிலும் பேரலையிலும் உடைந்த தகடுகளைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் பயன்படுத்தியோர் பலர். இது குறித்து மக்களுக்கு அறிவூட்டுவது அவசரமான பணியாகும்.

மூன்றாவதாக, மணல். மணற்காட்டின் மணற்குன்றுகளும் வன்னியின் ஆற்றுப்படுகைகளும் கட்டிடங்களுக்காகக் கரைந்துகொண்டிருக்கின்றன. உடைந்த கொங்கிறீற்றை அரைத்துப் பயன்படுத்தும் நிலையம் ஒன்றேனும் வடக்கிலும் கிழக்கிலும் அமையுமானால், அந்தச் சுமை ஓரளவு குறையும். காலியில் செய்து காட்டியது கிளிநொச்சியில் முடியாததன்று.

இவையனைத்துக்கும் மேலாக ஒன்று. பழைய கல்லைக் கையில் எடுக்கும் கட்டிடக் கலைஞரும் ஒப்பந்தக்காரரும் அதன் உறுதியைச் சோதிப்பதோடு நிற்கலாகாது. அது யாருடைய வளவிலிருந்து வந்தது, அவருடைய இசைவோடு வந்ததா என்றும் விசாரிக்க வேண்டும். பசுமைச் சான்றிதழ் வழங்குவோர் தமது படிவத்தில் இவ்வினாவுக்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார்களானால், நானூறு ஆண்டுகளாக இந்நாட்டில் எவரும் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டவர்களாவார்கள்.